லிப்ரெபூட் போட்ட எக்ஸ்200-ல் ஓபன்பிஎஸ்டி ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

தக்கலையிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். (புதியவர்களுக்கு: மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல் பயாஸ்; கம்பெனி பயாஸுக்குப் பதிலாகப் போடுவது லிப்ரெபூட்; சிஸ்டத்தைத் தேர்ந்து ஏற்றும் நிரல் க்ரப்; டெபியன் ஒரு லினக்ஸ்; ஓபன்பிஎஸ்டி லினக்ஸ் அல்லாத இன்னொரு சுதந்திர சிஸ்டம்.) சுருக்கமாக அவர் கேள்வி இதுதான்: "அக்கா, திருவனந்தபுரத்தில் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில் திங்க்பேட் எக்ஸ்200 வாங்கினேன். யாரோ ஏற்கெனவே லிப்ரெபூட் போட்டு வைத்திருக்கிறார்கள். டெபியன் நன்றாக ஓடுகிறது. ஓபன்பிஎஸ்டி பென்டிரைவ் போட்டால் க்ரப் மெனு வருகிறது, தேடுகிறது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு பழைய குறிப்பைப் பார்த்து கையால் கட்டளை கொடுத்தேன், திரை கறுத்துப்போய் அப்படியே நின்றது. லேப்டாப் கெட்டுவிட்டதா? நண்பர்கள் பயாஸை மாற்றி விண்டோஸே போடச் சொல்கிறார்கள்."

தம்பி, லேப்டாப் கெடவில்லை. முதலில் ஒரு காரியம் செய். மெஷினை ஆன் செய்து க்ரப் மெனு வந்ததும் அம்புக்குறியால் கீழே இறங்கிப் பார். 'லோட் சீபயாஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடு. திரை ஒருமுறை மாறி, பூட் மெனுவுக்கு எஸ்கேப் அழுத்தச் சொல்லும். அழுத்தினால் ஹார்டு டிஸ்க், பென்டிரைவ் எல்லாம் எண் போட்டு வரிசையாக வரும். பென்டிரைவின் எண்ணை அழுத்து. பத்தில் ஏழெட்டு பேருக்கு பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். தீர்ந்தாலும் மீதியைப் படி. ஏன் தீர்ந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த சிஸ்டம் போடும்போது மறுபடி இதே இடத்தில்தான் வந்து நிற்பாய்.

லிப்ரெபூட்டின் அடியில் இருப்பது கோர்பூட். 1999-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் 'லினக்ஸ்பயாஸ்' என்ற பெயரில் தொடங்கியது; 2008-ல் கோர்பூட் என்று பெயர் மாறியது. அதன் வேலை ரொம்பக் குறுகியது. நினைவகத்தை எழுப்பும், சிப்செட்டை ஒழுங்குபடுத்தும், திரைக்கு உயிர் கொடுக்கும், அத்தோடு கையை உதறிவிடும். டிஸ்க்கைத் திறந்து சிஸ்டத்தைத் தேடுவது அதன் வேலை இல்லை. அந்த வேலைக்கு, கோர்பூட் எழுதப்பட்டிருக்கும் அதே ஃப்ளாஷ் சிப்பில் இன்னொரு நிரல் இருக்கும். அதை பேலோடு என்பார்கள். க்ரப் ஒரு பேலோடு, சீபயாஸ் இன்னொன்று. பயாஸுக்குப் பின்னால் வந்த யுஇஎஃப்ஐ முறை வேண்டும் என்பவர்களுக்கு இடிகே2 இருக்கிறது. லியா ரோ 2013-ல் தொடங்கிய லிப்ரெபூட், கோர்பூட்டையும் இந்த பேலோடுகளையும் மெஷினுக்கு மெஷின் சேர்த்துக் கட்டி, நேராக எழுதும்படி தயாராகத் தருகிறது.

இதில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உன் மெஷினில் ஃப்ளாஷ் சிப்பில் இருக்கும் க்ரப்பும், சாதாரண லேப்டாப்பில் டிஸ்க்கில் இருக்கும் க்ரப்பும் பெயரளவில்தான் ஒன்று. சாதாரண லேப்டாப்பில் க்ரப்புக்குக் கீழே பயாஸ் இருக்கிறது. "டிஸ்க்கின் முதல் செக்டரைப் படித்துக் கொடு", "திரையில் இந்த எழுத்தைக் காட்டு" என்று கேட்டால் அது செய்து தரும். உன் எக்ஸ்200-ல் க்ரப்புக்குக் கீழே அப்படி யாருமே இல்லை. க்ரப் தன் சொந்த டிரைவர்களை வைத்து டிஸ்க்கை நேரடியாகத் தொடுகிறது. அதனால்தான் பழைய குறிப்பில் 'எச்டி0' என்று இருக்கும் டிஸ்க், உன் மெஷினில் 'ஏஎச்சிஐ0' என்று வருகிறது. பென்டிரைவ் 'யுஎஸ்பி0'.

லினக்ஸுக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. சிஸ்டத்தின் மையக்கருவான கெர்னலையும் அதன் தொடக்கக் கோப்புகளான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் க்ரப்பே எடுத்து நினைவகத்தில் வைத்து ஓடவிட்டால் போதும், லினக்ஸ் பயாஸைக் கூப்பிடாமலே எழுந்துவிடும். ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி போன்ற பிஎஸ்டி குடும்பத்தின் வழக்கம் வேறு. டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் சின்ன நிரல் அடுத்த நிரலை ஏற்றும், அது கெர்னலை ஏற்றும். இந்த இரண்டு படியும் பயாஸிடம் கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது. பயாஸே இல்லாத இடத்தில் அந்த முதல் செக்டரை ஓடவிட்டால் அது யாரிடம் கேட்கும்? தொங்கி நிற்கும். சீபயாஸ் அந்த இடத்தை நிரப்புகிறது: கோர்பூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு பழைய பயாஸ் செய்த எல்லா வேலையையும் செய்யும் சுதந்திர மென்பொருள்.

நம்ம ஊர் ஆளுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கினால் படகு விவேகானந்தர் பாறைக்குப் போகும், திருவள்ளுவர் சிலைப் பாறைக்குப் போகாது. எத்தனை தடவை டிக்கெட் கவுண்டர் வரை போய்த் திரும்பியிருக்கிறோம்! 2024 டிசம்பர் கடைசியில் இரண்டு பாறைக்கும் நடுவில் 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்ட பிறகு, பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போய்விடலாம். க்ரப் உன்னை லினக்ஸ் பாறையில் இறக்கிவிடுகிற படகு. மெனுவில் இருக்கிற அந்த சீபயாஸ் வரி, பாலம்.

"க்ரப்பிலேயே 'கேஓபன்பிஎஸ்டி' என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதை வைத்து கெர்னலை நேராக ஏற்றலாமே" என்பாய். நீ செய்து பார்த்ததும் அதைத்தான். இருக்கிறது, ஒரு காலத்தில் லிப்ரெபூட் கையேடே அந்த வழியைச் சொன்னது. நானும் அப்படித்தான் முதல்முறை ஏற்றினேன். இப்போது யாருக்கும் அதைச் சொல்லுவதில்லை. ஓபன்பிஎஸ்டியின் சொந்த லோடர் கெர்னலை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. முந்தின தடவை மெஷினை அணைக்கும்போது டிஸ்க்கில் சேமித்து வைத்த தற்செயல் எண் விதையையும் படித்து கெர்னலின் கையில் கொடுக்கிறது. முதல் நொடியிலிருந்தே நல்ல தற்செயல் எண்கள் கிடைக்க வேண்டும் என்பது அந்தத் திட்டக்காரர்களின் பிடிவாதம். லோடரைத் தாண்டிக் குதித்தால் அந்த விதை போய்விடும். பாதுகாப்புக்காகவே ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் முதல் பாதுகாப்பை வாசலிலேயே கழற்றிப் போடுவது என்ன கணக்கு? டிஸ்க் குறியாக்கமும் அப்படித்தான். ஓபன்பிஎஸ்டி 7.3 முதல் இன்ஸ்டாலரே "டிஸ்க்கைக் குறியாக்கவா?" என்று கேட்கிறது. ஆம் என்று போட்டால், பிறகு ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்பது அந்தச் சொந்த லோடர்தான். க்ரப்புக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது.

லினக்ஸில் இது தலைகீழ். ஃப்ளாஷ் சிப்பில் இருக்கும் க்ரப்பே லக்ஸ் என்ற லினக்ஸ் குறியாக்கப் பூட்டைத் திறக்கும் என்பதால், பூட் பகுதி உட்பட டிஸ்க் முழுவதையும் குறியாக்கிவிடலாம். கெர்னல்கூடத் திறந்தபடி டிஸ்க்கில் இருக்காது. நீ டெபியனிலேயே இருப்பதாக முடிவெடுத்தால் க்ரப்பை விட்டுக்கொடுக்காதே.

இனி அந்தக் கறுத்த திரை. கோர்பூட் திரையை இரண்டு விதமாக எழுப்பலாம். ஒன்று, பழைய விஜிஏ எழுத்துத்திரை. இன்னொன்று, புள்ளிபுள்ளியாகப் படம் வரையும் ஃப்ரேம்பஃபர். லிப்ரெபூட் கோப்புகளின் பெயரைக் கவனித்தால் ஒன்றில் 'டெக்ஸ்ட்மோட்' என்றும் இன்னொன்றில் 'கோர்பூட்எஃப்பி' என்றும் இருக்கும். உன் க்ரப் மெனுவின் பின்னால் படம் தெரிகிறது என்றால் உன்னுடையது இரண்டாவது. இப்போது, பழைய வழக்கத்தில் எழுதிய ஒரு கெர்னல் எழுந்ததும் எழுத்துத்திரை இருக்கும் என்று நம்பி அதன் நினைவிடத்தில் நேராக எழுதுகிறது. அங்கே எழுத்துத்திரையே இல்லை. கெர்னல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உனக்குத்தான் தெரியவில்லை. முழுமையாக நிறுவிய சிஸ்டம் என்றால் சில நொடியில் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் எழுந்து திரையைக் கையில் எடுத்துக்கொள்ளும், படம் வந்துவிடும். நிறுவும் பென்டிரைவில் இருக்கும் சுருக்கிய கெர்னலில் அந்தப் பெரிய டிரைவர் கிடையாது. அதனால் காத்துக்கொண்டிருந்தாலும் பயனில்லை. ஓபன்பிஎஸ்டி பின்னாளில் கோர்பூட் விட்டுச்செல்லும் அட்டவணையைப் படித்து அந்த ஃப்ரேம்பஃபரிலேயே எழுதக் கற்றுக்கொண்டது. ஆகவே புதிய பதிப்பை எடுத்து, சீபயாஸ் வழியாகவே போ. அப்படியும் கறுத்தால் டெக்ஸ்ட்மோட் கோப்பை சிப்பில் எழுதிவிடு. எழுத்துத்திரையில் எழாத பிஎஸ்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஹைக்கூ என்ற சிஸ்டம் போல எடுத்த எடுப்பிலேயே வண்ணத்திரை கேட்பவற்றுக்கு மட்டும் ஃப்ரேம்பஃபரையே வைத்துக்கொள்.

பென்டிரைவ் எழுதும்போது ஐஎஸ்ஓ கோப்பை எடுக்காதே. அது சிடிக்கு. 'இன்ஸ்டால்' என்று தொடங்கி 'ஐஎம்ஜி' என்று முடியும் கோப்புதான் பென்டிரைவுக்கு. டெபியனில் டிடி கட்டளையால் எழுது, எழுதும் முன் எந்த டிஸ்க் என்று இரண்டு தடவை பார். நிறுவும்போது டிஸ்க்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். எம்பிஆர் என்று சொல். பெயர், கடவுச்சொல் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் தட்டிக்கொண்டே போகலாம், அவ்வளவு நல்ல இன்ஸ்டாலர் அது.

வைஃபையில் மறுபடி ஒரு முட்டுக்கட்டை வரும். எக்ஸ்200-ல் பெரும்பாலும் இன்டெல் 5100 அல்லது 5300 கார்டு இருக்கும். ஓபன்பிஎஸ்டியில் அதற்கு டிரைவர் உண்டு, ஆனால் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் சுதந்திர மென்பொருள் இல்லை. நிறுவிய பிறகு 'எஃப்டபிள்யூ அப்டேட்' என்ற கட்டளை அதை இணையத்திலிருந்து இறக்கும். இணையம் வர வைஃபை வேண்டும், வைஃபை வர இணையம் வேண்டும்! வீட்டில் ரூட்டர் இருந்தால் வயரைச் செருகு, ஈதர்நெட் ஒரு தொல்லையும் இல்லாமல் வேலை செய்யும். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெத்தரிங் ஆன் செய். அதுவும் ஒரு நெட்வொர்க் கார்டாகவே தெரியும். எனக்குப் பிடித்த வழி வேறு: கார்டையே மாற்றிவிடுவது. ஏதரோஸ் ஏஆர்9285 சிப் உள்ள பழைய கார்டுக்கு வெளியிலிருந்து எந்த ஃபர்ம்வேரும் தேவையில்லை. கம்பெனி பயாஸ் இருந்தபோது தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் மெஷின் எழவே மறுக்கும். லிப்ரெபூட்டில் அந்தப் பட்டியலே இல்லை.

உன் மெஷினில் சீபயாஸ் வரியே இல்லை என்றால் அது மிகப் பழைய லிப்ரெபூட். புதியதை எழுதத்தான் வேண்டும். ஏற்கெனவே லிப்ரெபூட் இருப்பதால் பெரும்பாலும் மெஷினைத் திறக்காமல் டெபியனிலிருந்தே எழுதிவிடலாம். கெர்னல் அளவுருவில் 'ஐஓமெம்' என்பதை 'ரிலாக்ஸ்டு' என்று வைத்தால்தான் ஃப்ளாஷ்ராம் நிரல் சிப்பைத் தொட முடியும். சிப் 4 எம்பியா 8 எம்பியா என்று அந்த நிரலே சொல்லும், அதே அளவுக் கோப்பை எடு. இப்போது இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்த்து, வேறு இடத்தில் பத்திரப்படுத்து. பிறகுதான் எழுது. பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது, கரண்டை நம்பிச் சிப்பில் கைவைக்கக்கூடாது.

மெஷினைத் திறந்து, சிப்பின் கால்களில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுதுகிற வேலையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. முதல் எக்ஸ்200-ஐக் குளச்சலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்தேன். இந்த மாடலில் கை வைக்கும் பலகையையும் கீபோர்டையும் எடுத்தாலே சிப் தெரியும். டி400 என்ற திங்க்பேட் என்றால் போர்டையே வெளியே எடுக்க வேண்டும். 16 கால் சிப், அதற்கேற்ற கிளிப், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி எல்லாம் தயார். படித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு செக்சம். வயரைக் குட்டையாக்கினேன், வேகத்தைக் குறைத்தேன், ம்ஹும். ராத்திரி பதினொன்றுக்குத்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன்: சிப்பின் கால்களில் பச்சையாகப் பூத்திருக்கிறது. கடற்கரையோரம் வருடக்கணக்காக இருந்த மெஷின், உப்புக்காற்று. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் எடுத்து மெதுவாகத் தேய்த்து, காயவைத்து, மறுபடி மாட்டினேன். மூன்று தடவை படித்தேன், மூன்றும் ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பை பவர்பேங்கில் ஓடியதால் அதுபாட்டுக்கு எழுதி முடித்தது. அம்மா மெழுகுவர்த்தியோடு வந்து, "இந்த இருட்டுல என்னத்தையாக்கும் நோண்டிட்டு இருக்க" என்றார்.

நீ கிளிப் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ எழுதியை அப்படியே பயன்படுத்தாதே. இந்த சிப் 3.3 வோல்ட்டுக்கானது, அந்த எழுதி தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும். ராஸ்பெர்ரி பை, அல்லது அதைவிடச் சிறிய பை பிக்கோ போதும்.

இன்னொன்று, இந்த மெஷின்களில் ஈதர்நெட்டின் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் எண்) அதே சிப்பில்தான் இருக்கிறது. லிப்ரெபூட் கோப்பில் வரும் பொது முகவரியைப் பதினாறடிமான எழுத்தில் படித்தால் 'டெட் காஃபி' என்று வரும், யாரோ குறும்புக்காரர் வைத்தது. அதை மாற்றாமல் விட்டால் ஒரே ரூட்டரில் இரண்டு லிப்ரெபூட் மெஷினை வயரில் மாட்டும்போது இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டிருக்கும். நானும் தோழியும் ஒரு சாயங்காலம் முழுவதும் ரூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உன் அசல் முகவரி இருக்கும், எழுதும் முன் அதைக் கோப்பில் சேர்த்துவிடு.

இதெல்லாம் ஏன் எக்ஸ்200 மாதிரி 2008-ஆம் ஆண்டு மெஷினில்தான் என்று அடுத்து கேட்பாய். காரணம் இன்டெல் எம்இ, அதாவது செயலிக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் இன்னொரு குட்டிக் கணினி. ஜிஎம்45 சிப்செட் வரை அதன் ஃபர்ம்வேரைச் சிப்பிலிருந்து சுத்தமாக அழித்துவிட முடியும், மெஷின் கவலைப்படாது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அழித்தால் எழாது, எழுந்தாலும் 30 நிமிடத்தில் அணைந்துவிடும். எக்ஸ்230 போன்றவற்றில் எம்இ கிளீனர் என்ற நிரலால் அதை எழுந்து உடனே படுக்கும் அளவுக்குச் சுருக்கலாம். எனக்கு அது போதும் என்றுதான் தோன்றுகிறது. கோர் 2 டுவோவில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து நான்கு டேப் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொள்கைக்கும் ஒரு விலை உண்டு. 2022 நவம்பரில் லிப்ரெபூட்டே தன் விதியைத் தளர்த்தி, மைக்ரோகோடு (செயலியின் பிழைகளுக்கான திருத்தம்) போன்ற தவிர்க்க முடியாத மூடிய நிரல்களைச் சேர்க்கத் தொடங்கியது. மூடிய நிரல் ஒரு துளிகூட வேண்டாம் என்பவர்களுக்கு கெனுபூட், ஜிஎன்யு பூட் இருக்கின்றன. நான் மைக்ரோகோடை வைத்துக்கொள்கிற கட்சி: பிழையுள்ள பழைய பதிப்பு செயலிக்குள்ளேயே பொறித்திருக்கிறது, திருத்தத்தை மறுத்தால் கிடைப்பது சுதந்திரம் இல்லை, பழைய பிழைதான். கீபோர்டையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளும் சிப்புக்குள் ஓடுவதும், எஸ்எஸ்டிக்குள் ஓடுவதும் இன்னும் மூடிய நிரல்கள்தான் என்பதையும் மறந்துவிடாதே.

பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் லிப்ரெபூட்டைப் போடலாமா என்று உன் நண்பருக்காகக் கேட்டிருந்தாயே. போட முடியாது. கோர்பூட் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டியது. பட்டியலில் இல்லாத போர்டில் வேறு மாடலின் கோப்பை எழுதினால் மெஷின் எழவே எழாது, செங்கல்தான் மிஞ்சும். அதில் பிஎஸ்டி ஓடவேண்டும் என்றால் இருக்கிற பயாஸோடே ஓடும், அதற்கு ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டாம்.

ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இரண்டுக்கும் மேலே சொன்ன அதே வழி: சீபயாஸ், எம்பிஆர், முடிந்தால் எழுத்துத்திரை. ஃப்ரீபிஎஸ்டிக்கு 'மெம்ஸ்டிக்' என்ற கோப்பை எடு. விண்டோஸ் போடச் சொல்லும் நண்பர்களிடம், இந்தத் திரை அமைப்பில் அது அநேகமாக முரண்டுபிடிக்கும் என்று சொல்லிவிடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துபோனது, 11-க்கு இந்த மெஷின் தகுதியே இல்லை.

தமிழ் எழுத வேண்டுமே என்று யோசிக்காதே. தமிழ்நெட்99 விசைப்பலகை எக்ஸ் சாளர அமைப்போடு வரும் அட்டவணையிலேயே இருக்கிறது, எழுத்துரு ஒன்றைப் போட்டால் போதும்.

முதலில் அந்த சீபயாஸ் வரி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வடசேரிக்குப் பஸ் ஏறி வந்துவிடு, கிளிப்பும் ராஸ்பெர்ரி பையும் என்னிடம் இருக்கிறது. சார்ஜரை மறக்காதே, போன தடவை இதே வேலைக்கு வந்த பையன் மறந்துவிட்டு மார்த்தாண்டம் வரை திரும்பிப் போனான்.